வியாழக்கிழமை வலி

சிவனாண்டிக்கு நெஞ்சுவலி வியாழக்கிழமைதான் வரும்.

ஜெயினம்பு இரண்டாவது தடவையில் அதைக் கண்டுகொண்டாள். முதல் தடவை கிழமை பார்க்க நேரமில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்து தட்டுக் கழுவுகிற நேரம். கிழவர் குழாயடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"காளை ஏறி மிதிச்ச மாதிரி இருக்கு தாயி."

நாடி பார்த்தாள். சீராக ஓடியது. வேர்வை இல்லை. மூச்சு வாங்கவில்லை. ஆனாலும் அனுப்பினாள்.

அனுப்புவதும் அனுப்பாததும் அவள் பொறுப்பு. நாகமலை புதுக்கோட்டையில் தேனி ரோட்டை ஒட்டியிருந்த அந்த முதியோர் இல்லத்துக்கு டாக்டர் செவ்வாயும் சனியும் வருவார். மற்ற நாளில் நர்ஸ் சொல்வதுதான். பிரஷர் பார்க்கும் கருவி ஒன்று, நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை, ஒரு பழைய அம்பாசடர், அதை ஓட்ட சோணை. கையில் இருந்தது அவ்வளவுதான். அனுப்பி ஒன்றுமில்லை என்றால் பெட்ரோல் போச்சு என்பார்கள். அனுப்பாமல் ஏதாவது ஆனால் உயிர் போச்சு என்பார்கள். போன வருஷம் ஒச்சாயி என்ற அம்மாள் வயிற்றைப் பிசைகிறது என்றாள். சீரகத் தண்ணீர் கொடுத்து விடியட்டும் பார்க்கலாம் என்று இருந்தாள் ஜெயினம்பு. ஒச்சாயிக்கு விடியவில்லை. அதற்குப் பிறகு சந்தேகம் என்றாலே வண்டிதான்.

பெரியாஸ்பத்திரியில் வயதைப் பார்த்து இரண்டு நாள் படுக்க வைத்தார்கள். வாயு என்று சொல்லி அனுப்பினார்கள். சிவனாண்டி தெம்பாகத் திரும்பி வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார்.

அவர் செக்கானூரணிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர்க்காரர். மாட்டுத் தரகர். அரைநூற்றாண்டு சந்தை சந்தையாக அலைந்த கால். இரண்டு மகன்கள், மூத்தவன் விருமாண்டி, இளையவன் ஆண்டிச்சாமி. இருவருக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார், தீராத சண்டை. மூத்தவன் வீட்டில் கஞ்சி குடித்தால் இளையவன் வீட்டில் முகம் திரும்பும். இளையவன் வீட்டில் குடித்தால் மூத்தவன் வீட்டில் பாத்திரம் உருளும். ஒருநாள் இரண்டு வீட்டிலும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறி இல்லத்துக்கு வந்துவிட்டார். மாசியில் வந்தவரை வைகாசி வரைக்கும் எந்த மகனும் வந்து பார்க்கவில்லை.

இரண்டாவது தடவையும் வியாழக்கிழமை. அதே குழாயடி. அதே காளை.

அனுப்பிவிட்டு, சனிக்கிழமை அவரைத் திரும்ப அழைத்து வந்த சோணையிடம் விசாரித்தாள். சோணைக்குச் சிரிப்பு.

"பெருசுக்கு ஆஸ்பத்திரி பன்னு ருசி கண்டுபோச்சு சிஸ்டர்."

"பாக்க யாராச்சும் வந்தாகளா?"

"ரெண்டு மகனும் வந்திருக்காய்ங்க. வார்டுல ரெண்டு வாசல்ல, ஆளுக்கு ஒண்ணு. ஒருத்தன் கைல சாத்துக்குடி, ஒருத்தன் கைல ஹார்லிக்ஸ். ஒருத்தன் மொகத்த ஒருத்தன் பாக்கலையாம். வார்டு ஆயா சொல்லுச்சு."

"இங்க வந்து ஒருநாளும் பாக்கலையே. அங்க மட்டும் எப்படி வந்தாக?"

"அதென்ன சிஸ்டர் அப்படிக் கேட்டுப்புட்டீக? இங்க வந்தா, அப்பன அநாதையா விட்டதை நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. ஆஸ்பத்திரில கெடக்குற அப்பனப் பாக்கப் போகலேன்னா ஊரு காறித் துப்பிரும். அது வேற, இது வேற."

ஜெயினம்பு சிம்மக்கல்லில் பிறந்தவள். மண்டிகளுக்கு நடுவில் வளர்ந்தவள். அவளுக்கு இந்தக் கணக்கு புதிது. வீட்டுக்குப் போகிற டவுன் பஸ்ஸில் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு போனாள். சின்ன வயதில் அத்தாவின் கைக்கடிகாரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு அடி வாங்கியவள் அவள். "இவளுக்கு மூக்கு ஒரு முழம் நீளம்" என்று உம்மா இன்றைக்கும் சொல்வார்.

மகன்களைப் பார்க்கத்தான் கிழவர் வலியை வரவழைக்கிறார். அது சரி. ஆனால் வியாழக்கிழமை எதற்கு? வியாழன் படுத்தால் மகன்கள் வருவது வெள்ளிக்கிழமை.

சமையற்கட்டில் ஜெயக்கொடி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளும் செக்கானூரணிக்கு அந்தப் பக்கத்து ஊர்தான்.

"ஜெயக்கொடி, உங்க பக்கம் வெள்ளிக்கிழமை என்ன விசேஷம்?"

"விசேஷம் ஒண்ணும் இல்லக்கா. ஏர் பூட்ட மாட்டோம். மாட்டுக்கும் மனுசனுக்கும் ஓய்வு."

ஜெயினம்புவுக்கு ஒரு திருகாணி கழன்று கையில் விழுந்த மாதிரி இருந்தது. வியாழன் படுத்தால், உசிலம்பட்டி பஸ் கண்டக்டரிடம் அவள் சொல்லிவிடுகிற சேதி சாயங்காலமே ஊருக்குப் போய்விடும். வெள்ளிக்கிழமை இரண்டு மகன்களுக்கும் வேலை இல்லை. வராமல் இருக்கச் சாக்கும் இல்லை.

மூன்றாவது தடவை ஆனி பிறந்து முதல் வியாழன். குழாயடியில் அவர் உட்காரும்போதே அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"பெரியவரே, இன்னிக்கு என்ன கிழமை?"

"வியாழன் தாயி."

"வலிக்குதா?"

"உசுரு போகுது."

"எங்க வலிக்குது?"

கிழவர் கையை வலப்பக்கம் வைத்தார். அவள் முகத்தைப் பார்த்தார். மெதுவாக இடப்பக்கம் நகர்த்தினார்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு நாடி பார்த்தாள். அவளுடைய நாடியைவிட நன்றாக ஓடியது. அனுப்ப ஒரு காரணமும் இல்லை. அங்கே என்னதான் நடக்கிறது என்று பார்க்க வேண்டும், அது ஒன்றுதான்.

"சோணை அண்ணே, வண்டி எடுங்க."

மறுநாள் சாயங்காலம் சிம்மக்கல்லில் இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. வைகைப் பாலத்தைத் தாண்டி ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலில் வேட்டிகள் காய்ந்தன.

பார்வையாளர் மணி அடித்திருந்தது. தூண் ஓரத்தில் நின்றுகொண்டாள். சிவனாண்டி கட்டிலில் சம்மணம் போட்டு, சந்தையில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். வலப்பக்கம் ஒருவன், நரைத்த மீசை. விருமாண்டியாக இருக்க வேண்டும். இடப்பக்கம் ஒருவன், அதே மூக்கு, மீசை கறுப்பு. ஆண்டிச்சாமி. இருவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் பேசவில்லை.

கிழவரின் மடியில் அவருடைய காவித்துண்டு விரிந்து கிடந்தது. அதற்கு அடியில் அவருடைய இரண்டு கைகளும் இருந்தன. வலப்பக்கத்துக்காரனின் ஒரு கையும் துண்டுக்கு அடியில். இடப்பக்கத்துக்காரனின் ஒரு கையும் துண்டுக்கு அடியில். துண்டு அங்கங்கே அசைந்தது. ஒரு மேடு எழும்பி அமுங்கியது. விருமாண்டி தலையை ஆட்டினான். மறுபடி ஒரு மேடு. ஆண்டிச்சாமி பல்லைக் கடித்தான். கிழவர் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தன் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

பக்கத்துக் கட்டில்காரர் சாத்துக்குடியை உரித்தபடி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வெகுநேரம் கழித்து, துண்டு அசையாமல் நின்றது. விருமாண்டி கையை வெளியே எடுத்தான். ஆண்டிச்சாமியும் எடுத்தான். கிழவர் துண்டின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கி ஒரே உதறு உதறினார். பட்டென்று சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது. துண்டைத் தோளில் போட்டார்.

மகன்கள் கிளம்பினார்கள். பேசிக்கொள்ளவில்லை. ஆனால் மூத்தவன் போன வாசல் வழியாகவே இளையவனும் போனான்.

சனிக்கிழமை இல்லத்துக்குத் திரும்பியவரை வேப்பமரத்தடியில் பிடித்தாள்.

"பெரியவரே, நேத்து நான் அங்க வந்தேன்."

"தூணுக்குப் பின்னால நின்ன. பாத்தேன்." பீடியைத் தட்டினார். "மேனேஜர் கிட்டச் சொல்லிட்டியா?"

"இல்ல. துண்டுக்குள்ள என்ன செஞ்சீக, அதச் சொல்லுங்க."

கிழவருக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போனது. ஒரு நல்ல மாட்டைப் பற்றிக் கேட்ட மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சந்தைல வெலையை வாயால சொல்லக் கூடாது தாயி. சுத்தி நூறு காது. துண்டைப் போட்டு வெரலப் புடிச்சுச் சொல்லணும். ஒரு வெரலுன்னா ஒண்ணு. வெரலோட நடுக்கணுவத் தொட்டா அரை."

"நீங்க என்ன வெலை பேசினீக?"

"தண்ணி. வாரத்துக்கு ஏழு நாளு. ரெண்டு பயலுக. எனக்கு நாலுங்கிறான் மூத்தவன், மோட்டாரு அவன் வாங்கினது. எனக்கு நாலுங்கிறான் சின்னவன், அவன் காடு மேடு, தண்ணி ஏறாது. ஏழுல ரெண்டு நாலு எங்கிட்டு இருந்து வரும்?"

"உக்காந்து பேச வேண்டியதுதான?"

"எப்புடிப் பேச? அவனோட பேச மாட்டேன்னு ரெண்டு பேரும் கருப்புசாமி கோயில்ல சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணியாச்சு. பேசினா குடும்பம் வெளங்காது. பஞ்சாயத்துன்னு கூப்புட்டா வாயத் தொறக்கணும். ஒருத்தன் வீட்டுக்கு ஒருத்தன் வர மாட்டான். யாரு வீடும் இல்லாத எடம் ஒண்ணு வேணும். பேசாமப் பேச ஒரு வழி வேணும்." தோளில் கிடந்த துண்டைத் தட்டினார். "வெரலு பேசினா அது பேச்சுல சேராது. சாமிக்கும் அது தெரியும்."

"அதுக்கு மூணு தடவையா?"

"மொதத் தடவை ரெண்டு பேரையும் கைய நீட்ட வைக்கவே போதும் போதும்னு ஆச்சு. ரெண்டாந் தடவை நாலுலயே நின்னாய்ங்க. நேத்துதான் கணுவத் தொட்டாய்ங்க. ஆளுக்கு மூணு நாளு. வெள்ளிக்கிழமை பகல் ஒருத்தனுக்கு, ராத்திரி ஒருத்தனுக்கு. அறுப்புக்கு அறுப்பு மாத்திக்கிடணும். முடிஞ்சுபோச்சு."

"துண்டை உதறினீகளே?"

"அதான் முடிவு. தரகன் துண்ட உதறித் தோள்ல போட்டுட்டா பேரம் முடிஞ்சதுன்னு அர்த்தம். அதுக்குப் பெறகு எவனும் வாயத் தொறக்கக் கூடாது. துண்டு தோளவிட்டு எறங்கிருச்சுன்னா மறுபடி பேரம் தொறந்துருச்சுன்னு அர்த்தம்."

மீதியைக் கிழவர் முன்பே ஆளுக்கு ஆள் தனியாகச் சொல்லி வைத்திருந்தார். ஆனி கடைசி வெள்ளிக்கிழமை இரண்டு மகன்களும் ஒரே காரில் இல்லத்துக்கு வந்து அவரை அழைத்துப்போக வேண்டும். ஊர் பார்க்க அவர் கிணற்று மேட்டில் நின்று மோட்டாரைப் போட்டுவிட வேண்டும். மறுநாள் ஆடி பிறந்துவிடும். ஆடியில் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள், ஆடிப்பட்டத்துக்கோ நாற்றங்காலுக்குத் தண்ணீர் வேண்டும். அந்த வெள்ளியை விட்டால் மண்வெட்டிதான் பேசும் என்றார் கிழவர். போன வருஷம் ஒருமுறை பேசியிருந்தது. ஆண்டிச்சாமியின் இடது காதுக்குப் பின்னால் அதன் தழும்பு இருந்தது.

அதன் பிறகு துண்டு அவர் தோளை விட்டு இறங்கவில்லை. சாப்பிடும்போதும் தோளில் கிடந்தது. குளிக்கும்போது தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். ஜெயக்கொடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இதற்கிடையில் மேனேஜர் பேச்சிமுத்துவுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்திருந்தது. ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டையரானவர் அவர். குரல் மட்டும் ரிட்டையராகவில்லை.

"மூணு தடவை வாயுவுக்குக் கார் அனுப்பியிருக்க. அங்கருந்து கேக்குறாக, நடத்துறது முதியோர் இல்லமா, நாடகக் கொட்டகையான்னு. இனிமே நான் சொல்லாம அந்த ஆளுக்கு வண்டி கெடையாது."

"சரிங்க சார்" என்றாள் ஜெயினம்பு. இனி வலி வராது என்று அவளுக்குத் தெரியும்.

ஆனி கடைசி வியாழன். சாப்பாடு முடிந்தது. சிவனாண்டி குழாயடிக்குப் போகவில்லை. வேப்பமரத்தடிக்கும் போகவில்லை. கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மறுநாளைக்கென்று துவைத்து மடித்த வேட்டி பக்கத்தில் இருந்தது. அவளைப் பார்த்ததும் கையைத் தூக்கினார்.

"வா தாயி. நாளைக்கு எங்க கெணத்துக்கு வாரியா? எம்புட்டுத் தண்ணி தெரியுமா? யானை எறங்கிக் குளிக்கலாம்."

"வாரேன். சாப்புட்டீகளா?"

"ஆச்சு."

தட்டு கட்டிலுக்கு அடியில் இருந்தது. சோறு அப்படியே இருந்தது. விரலிடுக்கில் ஒரு பீடி, பற்ற வைக்கப்படாமல். ஆனிக் காற்று ஜன்னல் வழியாகப் பாய்ந்து காலண்டரைத் தூக்கித் தூக்கி அடித்தது. அந்தக் காற்றில் கிழவரின் நெற்றியில் வேர்வை உருண்டது.

அவள் கையைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது. நாடி இரண்டு அடி ஓடி, ஒரு அடி நின்று, தடுக்கி விழுந்து, மறுபடி ஓடியது.

"வலிக்குதா?"

"இல்லையே."

"இடது கை?"

"அது பழைய வலி. மாடு இழுத்தது."

"பெரியவரே."

"வாயு தாயி. பெரியாஸ்பத்திரிலயே சொல்லிட்டாக, வாயுன்னு. நீ என்ன புதுசா?"

நாக்குக்கு அடியில் மாத்திரையை வைத்தாள். சட்டையைத் திறந்து ஸ்டெதஸ்கோப்பை வைக்கத் துண்டு இடைஞ்சலாக இருந்தது. எடுத்தாள். வழிகிற வேர்வையை அதனாலேயே நெஞ்சிலும் கழுத்திலும் துடைத்தாள். துண்டு ஈரமானது. கிழவர் தன் வெறும் தோளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அப்போதுதான் அவளுக்குத் தான் செய்தது உறைத்தது.

பிரஷர் ரொம்பக் கீழே இறங்கியிருந்தது. இதற்குமேல் பார்க்க ஒன்றுமில்லை.

"வண்டி சொல்றேன்."

"வேண்டாம்." அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் பலம் இல்லை. "நான் சொல்றதக் கேளு. நான் ஆஸ்பத்திரில படுத்தேன்னு சேதி போனா அந்தப் பயலுக என்ன நெனைப்பாய்ங்க? பேரம் முடியலன்னு நெனைப்பாய்ங்க. சின்னவன் அப்பன் கிட்ட அழுது அரை நாள் கூடக் கேட்டிருக்கான்னு மூத்தவன் நெனைப்பான். மூத்தவன் கேட்டிருக்கான்னு சின்னவன் நெனைப்பான். மூணு தடவை நானே பழக்கி வச்சிருக்கேன் தாயி, படுத்தா பேரம்னு."

"உண்மையாவே முடியலன்னு சொல்லிவிடுறேன்."

"போன தடவையும் அப்படித்தான் சொல்லிவிட்ட."

அவள் எழுந்திருக்கப் பார்த்தாள்.

கிழவர் அவள் கையிலிருந்த ஈரத் துண்டை இழுத்து இருவர் கைக்கும் மேலே போட்டார். அதற்கு அடியில் அவளுடைய விரல்களைத் தேடி ஆட்காட்டி விரலைப் பிடித்தார். ஒன்று. ஒரு நாள். நாளைக்கு ஒரு நாள் மட்டும்.

ஜெயினம்பு அந்த விரலை மடக்கிக்கொண்டாள்.

நடுக்கணுவைத் தொட்டார். அரை. நாளை மத்தியானம் வரைக்கும்.

அவள் கையை முழுக்க மூடி, துண்டுக்கு வெளியே எடுத்துவிட்டாள். ஒச்சாயி விஷயத்தில் அவளும் விடியும் வரைதான் கேட்டிருந்தாள்.

ஆபீஸ் அறையில் பேச்சிமுத்து காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் அவளைப் பார்த்தார்.

"வியாழக்கிழமையா? வந்துருச்சா?"

"இல்ல சார். இன்னிக்கு வலிக்கலைங்கிறாரு."

"வலிக்கலைங்கிற ஆள எதுக்கும்மா அனுப்பணும்?"

"அதனாலதான் சார் அனுப்பணும்."

"வெளங்கலை. வலிக்குதுன்ன அன்னிக்கெல்லாம் வாயு. வலிக்கலைங்கிற அன்னிக்கு மாரடைப்பா?"

"முந்தி வந்தது பொய். எனக்குத் தெரியும்."

பேச்சிமுத்து கண்ணாடியைக் கழற்றினார். "எப்போருந்து தெரியும்?"

"மூணாவது தடவை அனுப்புறதுக்கு முன்னாலயே."

"தெரிஞ்சே அனுப்பின?"

"ஆமா சார்."

"எதுக்கு?"

"அங்க என்ன செய்றாருன்னு பாக்கணும்னு இருந்துச்சு."

மேனேஜர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவதா என்று அவருக்கே முடிவாகாத மாதிரி இருந்தது. கடைசியில் மேசை டிராயரைத் திறந்து கார்ச் சாவியை எடுத்து நீட்டினார்.

"பொய்க்கு மூணு தடவை வண்டி விட்டாச்சு. மெய்க்கு விடாம என்னைக்கும் தூங்க முடியாது. போ. உன்னைப் பெறகு கவனிச்சுக்கிறேன்."

ரோட்டில் உசிலம்பட்டி பஸ் நின்றது. ஜெயினம்பு ஓடிப்போய்க் கண்டக்டரிடம் சொன்னாள். இரண்டு மகன்களிடமும் சொல்லுங்கள், இந்தத் தடவை நெஞ்சு நிஜமாகவே சரியில்லை என்று. மகன்களுக்குச் சொல்லாமல் இருக்க அவளால் முடியாது. செத்த பிறகு சொன்னால் அது வேறு பாவம்.

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "வியாழக்கிழமை ஆச்சேன்னு நானே நெனைச்சேன் சிஸ்டர். சொல்லிருதேன், சொல்லிருதேன்." படிக்கட்டில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

காரின் பின்சீட்டில் கிழவரின் தலையை அவள் மடியில் தாங்கிக்கொண்டாள். சோணை இந்த முறை பன்னைப் பற்றிப் பேசவில்லை. காளவாசல் தாண்டும்போது கிழவர் கண்ணைத் திறந்தார்.

"துண்டு எங்க?"

"என்கிட்ட இருக்கு."

"எறங்கிருச்சு."

"நீங்க எறக்கலையே. நான்தான எடுத்தேன்."

கிழவர் உதட்டை இழுத்தார். சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும். "யாரு எடுத்தான்னு மாடு கேக்காது தாயி. வாங்குறவன் கேப்பான்."

கண்ணை மூடிக்கொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான் துண்டு தன் பையில் இருப்பதைப் பார்த்தாள். வேர்வை காய்ந்து உப்புப் பூத்திருந்தது. சோப்புப் போட்டுத் துவைத்து மாடிக் கொடியில் போட்டாள். உம்மா கேட்டார்.

"யாரு துண்டு இது?"

"ஒரு தரகர் துண்டு."

"அதை எதுக்கு நீ துவைக்கிறே?"

"நான்தான் அழுக்காக்கினேன்."

வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டு வாசலில் அந்த டாக்டர் எதிரே வந்தார். வாயு என்று சொன்னவர்தான். அவளை அடையாளம் தெரிந்து நின்றார்.

"நல்ல நேரத்துல கொண்டாந்தீங்க சிஸ்டர். ராத்திரி அங்கேயே இருந்திருந்தா போயிருப்பாரு. இன்னும் ரெண்டு நாள் தாண்டணும். ஊசி போட்டிருக்கு, பேச்சுக் குடுக்காதீங்க."

கிழவர் மூக்கில் குழாயோடு தூங்கினார். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஆஸ்பத்திரிப் போர்வை இடுப்பு வரை. வெறும் தோள் எலும்பெடுத்துச் சின்னதாகத் தெரிந்தது. கைகள் இரண்டும் போர்வைக்கு மேலே, விரல்கள் பாதி மடங்கி, யாரோ விட்டுவிட்டுப் போன மாதிரி கிடந்தன. அவர் பிழைத்தது சரிதான். ஆனால் இந்தக் கைகளால் இன்று துண்டைத் தூக்க முடியாது. நாளைக்கு ஆடி.

ஸ்டூலில் உட்கார்ந்து பையைத் திறந்தாள். மடித்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் உதறித் தோளில் போட்டதை அவள் கண்ணால் பார்த்தவள். அவர் அதை எடுக்கவில்லை. எடுத்தது அவள். எடுத்தவள் திரும்ப வைத்தால் அது பொய்யா? மூன்றாவது தடவை வண்டி அனுப்பியபோது இப்படியெல்லாம் யோசிக்கவில்லை. அன்றைக்குத் தெரிந்துகொள்ள ஆசை மட்டும்தான் இருந்தது. இப்போது இரண்டு வீடும் ஒரு கிணறும் அவள் மடியில் இருந்தன.

பார்வையாளர் மணி அடித்தது.

எழுந்தாள். துண்டின் ஒரு முனையைப் பிடித்தாள். அவர் உதறிய மாதிரியே உதறினாள். அவ்வளவு சத்தம் வரவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் மட்டும் திரும்பிப் பார்த்தார். கிழவரின் தோளில் போட்டு, நழுவாமல் ஒரு முனையை முதுகுக்கு அடியில் செருகினாள்.

வலப்பக்க வாசலில் விருமாண்டி வந்தான். கையில் ஒன்றும் இல்லை. இடப்பக்க வாசலில் ஆண்டிச்சாமி வந்தான். அவன் கையிலும் ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் துவைத்த வெள்ளை வேட்டி சட்டையில் இருந்தார்கள். கிணற்று மேட்டுக்கென்று எடுத்து வைத்த உடுப்பு. ஒரே காரில் வரவில்லை. ஒரே பஸ்ஸில் வந்தார்களா என்றுகூடத் தெரியவில்லை. கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்று ஜன்னலைப் பார்த்தார்கள்.

அப்புறம் மூத்தவன் அப்பனைப் பார்த்தான். மூக்குக் குழாயைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த முறைப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. இளையவன் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டான்.

"நெசமாவே முடியலையா?" என்றான் ஆண்டிச்சாமி, அவளைப் பார்த்து.

"நெசமாத்தான். நேத்து வண்டி ஏற மாட்டேன்னு அவ்வளவு சொன்னாரு. இன்னிக்குக் கெணத்துக்குப் போகணும்னு."

இரண்டு பேரும் அதைக் கேட்டார்கள். இரண்டு பேரின் கண்ணும் ஒரே நேரத்தில் தோளுக்குப் போனது. அங்கேயே நின்றது. வார்டில் யாரோ டம்ளரைக் கீழே போட்டார்கள். விருமாண்டி குனிந்தான். துண்டின் முனையை இரண்டு விரலால் தொட்டான். மடிப்புத் தடம் இன்னும் கலையாமல் இருந்தது. பீடி வாடை இல்லை, சோப்பு வாடை அடித்தது. நிமிர்ந்து தம்பியைப் பார்த்தான். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததை ஜெயினம்பு அப்போதுதான் முதல் தடவையாகக் கண்டாள். பிறகு இருவரும் சேர்ந்து அவள் பக்கம் திரும்பினார்கள்.

"சிஸ்டர்" என்றான் விருமாண்டி. "இந்தத் துண்டு எங்கய்யா போட்டதா, நீங்க போட்டதா?"